தாழ்ந்த பக்கத்துத் தொட்டியைத்தான் முதலில் நிரப்ப வேண்டும்

பயணிகளும் வாகனங்களும் ஏறும் ரோரோ கப்பலில் சீஃப் ஆபீசராக இருக்கிறேன். பயணிகள் கப்பல்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேதக் கட்டுப்பாட்டு ஒத்திகை நடத்துவது 2020 முதல் கட்டாயம். கப்பல் கவிழாமல் நிற்குமா என்று கணக்கிடும் நிலைத்தன்மைக் கணினி இருந்தால் அதையும் ஒத்திகையில் இயக்கிப் பார்க்க வேண்டும். அப்படி நான் முதன்முறையாக அதன்முன் உட்கார்ந்த நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கேப்டன் சொன்ன நிலவரம் இது: நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை, இயந்திர அறை ஒன்றில் வெள்ளம். எங்கள் கப்பலில் உணர்விகள் எச்சரிக்கை தரும், ஆனால் கணக்கில் தானாக ஏறாது. சேதமான அறைகளைத் திரையில் நாமே குறிக்க வேண்டும், தொட்டி அளவுகளையும் நாமே உள்ளிட வேண்டும். பதினைந்து நிமிடம் ஆனது. விடை வந்தது: ஜிஎம் 0.11 மீட்டர். சாய்ந்தால் நிமிரும் திறனைக் காட்டும் எண் அது. குறைவுதான், ஆனாலும் கப்பல் நேராக நிற்கும். அப்பாடா என்றிருந்தது.

"தொட்டி அளவெல்லாம் எப்போது எடுத்தது?" என்றார் கேப்டன். காலைப் பதிவேட்டில் இருந்து என்றேன். உடனே தள மாலுமிகளின் தலைவரான போசனை அளந்து வர அனுப்பினார். காலி என்று நான் போட்டிருந்த ஒரு ஜோடி டபுள் பாட்டம் தொட்டிகளில் (கப்பலின் அடியில் இருபுறமும் இருப்பவை) ஆழம் அளக்கும் சவுண்டிங் நாடா அறுபது சென்டிமீட்டர் வரை நனைந்து வந்தது. மதியம் பல்லாஸ்ட், அதாவது சமநிலைக்காக ஏற்றும் தண்ணீரை, மாற்றியிருக்கிறார்கள், எனக்குத் தகவல் வரவில்லை.

அரைகுறையாக நிரம்பிய தொட்டியில் தண்ணீர் சரிவுப் பக்கமே ஓடும். அது ஜிஎம்மைக் குறைக்கும். தொட்டியின் அகலம் இரண்டு மடங்கானால் அந்த விளைவு எட்டு மடங்காகும். அகலமான வாகனத் தளத்தில் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்பதை 852 பேரைப் பலிகொண்ட 1994 எஸ்டோனியா விபத்து காட்டியது. புதிய அளவைப் போட்டதும் ஜிஎம் மைனஸ் 0.05 ஆனது, இடப்பக்கம், அதாவது போர்ட் பக்கம், ஆறு டிகிரி சரிவு.

"ஸ்டார்போர்ட் தொட்டியை நிரப்பலாம், சார்" என்றேன். மேலே நிற்கும் வலப்பக்கத்தில் எடை ஏற்றினால் நிமிரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் திரையில் நிமிரும் திறனின் வளைகோட்டைக் காட்டினார். எடை இருபுறமும் சமம். ஜிஎம் மைனஸ் ஆனதால் நேராக நிற்க முடியாமல்தான் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. சரி, நான் சொன்னதையே போட்டுப் பார்க்கச் சொன்னார். சரிவு மறுபக்கம் தாவியது, ஒன்பது டிகிரி. நிஜத்தில் புரளும் வேகமும் சேர்ந்துகொள்ளும். அது இந்தக் கணக்கில் வராது.

அப்புறம் தாழ்ந்த போர்ட் தொட்டியை முழுக்க நிரப்பிப் பார்த்தோம். சரிவு எட்டு டிகிரிக்கு ஏறியது. ஒத்திகைதான் என்று தெரிந்தும் வயிற்றைக் கலக்கியது. தொடர்ந்து ஸ்டார்போர்ட் தொட்டியையும் முழுக்க நிரப்பியதும் தண்ணீர் ஓட இடமில்லாமல் போனது; கப்பல் நிமிர்ந்து, ஜிஎம் மீண்டும் பிளஸ் ஆனது.

இப்போதெல்லாம் பல்லாஸ்ட் வால்வைத் தொட்டால் உடனே கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜுக்குப் போன் வரவேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த ஒத்திகையில் ஏழு நிமிடத்தில் முடித்தோம். கணினியைத் தொடும் முன்பே போசன் நாடாவோடு கிளம்பியிருந்தார்.