யாரும் பயன்படுத்தவில்லை என்று எழுதுவதற்கு முன்

நான் வேலை பார்க்கும் நிறுவனம் கடைகளுக்கான பில் இயந்திரங்களைச் செய்கிறது. அவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். அதன் மையப் பகுதியான கெர்னலை எங்கள் இயந்திரங்களுக்கு ஏற்பத் தயார் செய்வதும், நீண்டகால ஆதரவு பெற்ற புதிய பதிப்புகள் வரும்போது அவற்றுக்கு மாற்றுவதும் ஆறு பேர் கொண்ட எங்கள் குழுவின் பொறுப்பு. 2020இல் ஊர் திரும்பியதிலிருந்து கண்டனூர் வீட்டில் முகப்பை அடுத்த அறையில் உட்கார்ந்துதான் இந்த வேலையைச் செய்து வருகிறேன். குழுவில் என் பங்கு, காலாவதியான வசதிகளை எந்தப் பதிப்பில், எந்த வரிசையில் நீக்குவது என்று திட்டமிடுவது.

பழையது ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டுமே, அதை ஏன் நீக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்பவர்கள் கேட்பார்கள். கெர்னலுக்குள் எதுவும் சும்மா கிடப்பதில்லை. உள்ளே ஒரு பொதுவான செயல்முறையை மாற்றினால் அதை அழைக்கும் ஒவ்வொரு கோப்பு முறைமையையும் (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) ஒவ்வொரு ட்ரைவரையும் (ஒரு சாதனத்தை இயக்கும் நிரல்) கூடவே திருத்த வேண்டும்; ஓட்டிப் பார்க்கச் சாதனமே இல்லாத ட்ரைவரையும் யாரோ ஒருவர் ஊகத்தில் திருத்தத்தான் செய்கிறார். இன்டெல் 386 செயலியில்தான் 1991இல் லினக்ஸ் பிறந்தது. பின்னால் வந்த 486இல் உள்ள சில அடிப்படை ஆணைகள் 386இல் இல்லை என்பதால், அந்த ஒரு செயலிக்காக எத்தனையோ இடங்களில் தனிவழி எழுதி வைக்க வேண்டியிருந்தது. 2013இல் வெளிவந்த 3.8 பதிப்பில் அந்த ஆதரவை எடுத்துவிட்டார்கள். 2018இல் வந்த 4.17 பதிப்பில் எட்டுச் செயலிக் குடும்பங்கள் ஒன்றாக வெளியேறின. நீங்கிய வரிகள் நான்கரை லட்சத்துக்கும் மேல். பிறந்த தொட்டிலையே எடுத்து வைத்தவர்கள் அலட்சியத்தால் அதைச் செய்யவில்லை. மீதமுள்ளதைப் பராமரிப்பவர்களின் கை ஓய்ந்துவிடக் கூடாது என்பதே காரணம்.

ஒரு வசதி உயிரோடு இருக்கிறதா என்பதைக் கோப்பின் வரலாற்றைப் படித்தே ஓரளவு கண்டுகொள்ளலாம். கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பார்த்தால் போதாது, ஏனென்றால் கெர்னலின் நிரல் முழுக்க ஒரே மாதிரி செய்யப்படும் திருத்தங்கள் செத்த கோப்பையும் தொட்டுக்கொண்டு போகும். உண்மையான சாதனத்தை வைத்திருந்த ஒருவர் உண்மையான கோளாறைச் சொல்லி, அதற்காக எழுதப்பட்ட கடைசித் திருத்தம் எது என்று தேடுவேன். இரண்டு ஆண்டுகளாகக் கம்பைல் ஆகாமலே (இயங்கும் வடிவத்துக்கு மாற்ற முடியாமலே) கிடந்தும் ஒருவரும் முறையிடவில்லை என்றால், அதைவிட நல்ல சாட்சி இல்லை. கெர்னலை உருவாக்கும் சமூகத்துக்கு இது பெரும்பாலும் போதும். எங்களைப் போல அதை எடுத்துக் கடைக்காரரின் மேசையில் வைப்பவர்களுக்குப் போதாது என்பதை 2022 வைகாசியில் தெரிந்துகொண்டேன்.

அந்த ஆண்டு 4.19இலிருந்து 5.15க்கு மாறினோம். இடையில் 5.14 பதிப்பிலேயே ஐடிஇ வகை வட்டுகளுக்கான பழைய ட்ரைவர் தொகுதி நீக்கப்பட்டிருந்தது. அதற்கு மாற்றான தொகுதி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அதே தட்டை (வட்டை) அதுவும் படிக்கும். ஒரே வேறுபாடு பெயர்தான். பழைய ட்ரைவர் முதல் தட்டை எச்டிஏ என்று அழைக்கும், புதியது எஸ்டிஏ என்று அழைக்கும். எங்கள் இயந்திரங்கள் தினமும் அனுப்பும் நிலை அறிக்கைகளைச் சலித்துப் பார்த்தேன். பழைய ட்ரைவரை ஏற்றியதாக ஒரு இயந்திரமும் சொல்லவில்லை. திட்டத்தில் “பயன்பாடு: 0” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தைய நாள், காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு பாத்திரக் கடையின் இயந்திரம் எழவில்லை என்று சர்வீஸ் பையன் கூப்பிட்டான். பக்கத்து ஊர் என்பதால் நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சீர்ச் சாமான் வாங்க வந்தவர்கள் எவர்சில்வர் தூக்குகளுக்கும் குடங்களுக்கும் நடுவே நெருக்கி நின்றார்கள். கறுப்புத் திரையில், மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்ற வரியோடு கெர்னல் நின்றிருந்தது. முதலாளி சிட்டையைத் திறந்து பேனாவால் எழுதத் தொடங்கியிருந்தார். “நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, தம்பி. என்னத்தைப் போட்டீங்க?” என்றார். பதில் என்னிடம் இருந்தது, ஆனால் சொல்லும் நிலையில் நான் இல்லை. இயந்திரம் எழும்போது கெர்னலுக்குத் தட்டின் பெயரைச் சொல்லும் பூட் வரியில் எச்டிஏ2 என்று இருந்ததை எஸ்டிஏ2 என்று மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் அவர் கையால் பதினேழு பில் எழுதியிருந்தார்.

அந்தக் கடையில் இணைய இணைப்பு இல்லை. அதனால் அந்த இயந்திரம் எங்களுக்கு ஒருநாளும் அறிக்கை அனுப்பியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் பையன் பென்டிரைவில் கொண்டுபோவதே அதற்கு அப்டேட். நான் எழுதிய பூஜ்யம், பேசக்கூடிய இயந்திரங்களில் எத்தனை என்பதற்கு மட்டுமே சரியான எண். பேச வாய் இல்லாதவையே மிகப் பழையவை, நான் நீக்க நினைத்த வசதியை நம்பியிருந்தவையும் அவையே. இது தற்செயலும் அல்ல. 2010க்கு முன் விற்ற மாடல்களில் நெட்வொர்க் வசதி தனியாகக் காசு கொடுத்து வாங்குவதாக இருந்தது. எந்த இயந்திரம் பழைய ட்ரைவரில் ஓடும் என்பதைத் தீர்மானித்த அதே ஆண்டுதான், எது எங்களோடு பேசாது என்பதையும் தீர்மானித்தது. இதை அறிக்கையைச் சலிக்கும் முன்பே நான் யோசித்திருக்க வேண்டும்.

லினக்ஸ் கெர்னலிலேயே முன்பு நீக்கத்துக்கென்று ஒரு கால அட்டவணைக் கோப்பு இருந்தது. ஒவ்வொரு பதிவிலும் எது, எப்போது, ஏன், யார் என்ற நான்கு தலைப்புகள் இருக்கும். அதில் ரா ட்ரைவர் என்ற பழைய வட்டு அணுகுமுறைக்கு 2005 டிசம்பர் என்று நாள் குறித்திருந்தார்கள். அது உண்மையில் நீங்கியது 2021இல், அதே 5.14 பதிப்பில். அட்டவணைக் கோப்பையே 2012இல் நீக்கிவிட்டார்கள். நாள் குறிப்பதால் மட்டும் ஒரு வசதி போய்விடாது என்பதற்கு அந்தக் கோப்பு நல்ல சாட்சி. ஆனால் அந்த நான்கு தலைப்புகள் எனக்குப் பிடித்திருந்தன. அவற்றை எங்கள் திட்டத் தாளுக்கு எடுத்துக்கொண்டு, பாத்திரக் கடைக்குப் பிறகு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: “அவர்களுக்கு எப்படித் தெரியும்?”

அந்தக் கேள்விக்கு விரைவிலேயே வேலை வந்தது. அதே 2022 மே மாதம் வெளியான 5.18 பதிப்பில் ரெய்சர்எஃப்எஸ் கோப்பு முறைமை கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, 2025இல் நீக்கப்படும் என்று குறிக்கப்பட்டது. 2001இல் மூல லினக்ஸுக்குள் வந்த முதல் ஜர்னலிங் கோப்பு முறைமை (மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் வகை) அது. எங்கள் பழைய மாடல்களின் தரவுப் பகுதி முழுவதும் அதில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் அது சரியான தேர்வும்கூட. எங்கள் மென்பொருள் ஒவ்வொரு பில்லையும் ஒரு தனிக் கோப்பாக எழுதும். ஒரு பில் அறுநூறு, எழுநூறு பைட்டைத் தாண்டாது. இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கோப்புகளை ஒரே பிளாக்கில் சேர்த்து அடுக்கி இடத்தை மிச்சப்படுத்துவதில் ரெய்சர்எஃப்எஸ் கெட்டிக்காரத்தனமானது.

மாற்றாக ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமைதான் என்று குழுவில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். தரவைப் பிரதி எடுத்து, பகுதியை மறுபடி வடிவமைத்து, திரும்ப எழுத வேண்டியதுதான் என்று தோன்றியது. ஒத்திகைக்குக் காரைக்குடியில் பலகாரம் போட்டு விற்கும் ஓர் ஆச்சியின் இயந்திரத்திலிருந்து அவர் அனுமதியோடு ஒரு பிரதி எடுத்துவந்தேன். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் என்று நாளுக்குச் சுமார் நாற்பது பில், ஆண்டுக்கு முந்நூறு நாள், பதினான்கு ஆண்டுகள். மொத்தம் ஏறத்தாழ 1,68,000 கோப்புகள். 2 ஜிபி பகுதியில் திரும்ப எழுதிக்கொண்டிருந்தபோது, முக்கால் பங்கு முடிந்த நிலையில் இடம் இல்லை என்று நின்றுவிட்டது. எவ்வளவு இடம் மீதி என்று கேட்டால் ஒரு ஜிபிக்கும் மேல் இருக்கிறது என்கிறது!

காரணத்தைக் கண்டுபிடித்தபோது எனக்கு வியர்த்தது. ஈஎக்ஸ்டி4 வடிவமைக்கும்போதே, எத்தனை கோப்புகள் இருக்கலாம் என்று ஐநோடுகளை, அதாவது கோப்புக்கு ஒன்றாக வேண்டிய குறிப்பு இடங்களை, எண்ணி ஒதுக்கிவிடுகிறது. வழக்கமான கணக்கு 16 கேபிக்கு ஒன்று. 2 ஜிபிக்கு 1,31,072. அதற்கு மேல் ஒரு கோப்பும் போகாது, இடம் எவ்வளவு காலியாக இருந்தாலும். ரெய்சர்எஃப்எஸ்ஸில் அப்படி முன்கூட்டி ஒதுக்கும் அட்டவணையே கிடையாது, ஆகவே பதினான்கு ஆண்டுகளாக யாரும் அந்த எண்ணை நினைத்துப் பார்க்கவில்லை. நாங்கள் நீக்க எண்ணியது ஒரு கோப்பு முறைமையை. அதனோடு, எந்த ஆவணத்திலும் எழுதப்படாத, எங்கள் மென்பொருள் தன்னை அறியாமல் சாய்ந்து நின்ற ஒரு சுவரும் சேர்ந்து போகவிருந்தது. ஒத்திகை பார்க்காமல் கடைக்குப் போயிருந்தால் ஆச்சியின் கடைசி மூன்று ஆண்டுக் கணக்கு பாதி வழியில் நின்றிருக்கும். முடிவில், ஐநோடுகளை நான்கு மடங்காக ஒதுக்கி வடிவமைப்பதோடு, முடிந்த ஆண்டுகளின் பில்களை மாதத்துக்கு ஒரு கோப்பாகக் கட்டி வைப்பது என்றும் தீர்மானித்தோம். அதன் பிறகு திட்டத் தாளில் ஆறாவது தலைப்பும் வந்தது: “இதோடு சேர்ந்து வேறு எது போகிறது?” மற்ற ஐந்தையும்விட இதை நிரப்பவே எனக்கு அதிக நாள் பிடிக்கிறது.

இனி ஐந்தாவது கேள்வி. 5.18 முதல் ரெய்சர்எஃப்எஸ் பகுதியை ஏற்றும்போது கெர்னல் தன் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதும். நிர்வாகிகள் படிப்பதற்கு அது போதும். பலகாரக் கடையில் அதை யார் படிப்பார்கள்? கடைக்காரர்கள் தவறாமல் பார்க்கும் ஒரே எழுத்து, இரவு கடை சாத்தும்போது இயந்திரம் அச்சடிக்கும் அன்றைய கணக்குச் சீட்டு. அந்தச் சீட்டின் அடியில், மொத்தத் தொகைக்குக் கீழே, ஒரு வரி சேர்த்தோம்: “இந்த இயந்திரத்தின் சேமிப்பு முறை மாற்றப்பட வேண்டும். கீழே உள்ள எண்ணுக்குப் பேசவும்.” அதனடியில் இயந்திர எண்ணும் எங்கள் தொலைபேசி எண்ணும். இந்தச் சின்ன மாற்றத்தைப் பென்டிரைவில் முதலில் அனுப்பினோம், எதையும் நீக்கவில்லை. நீக்கத் திட்டத்தின் முதல் திருத்தமே புதிதாக ஒன்றைக் கூட்டுவதாக இருந்ததைக் குழுவில் சிலர் ஒப்புக்கொள்ளவே சில வாரங்கள் ஆயின.

முதல் அழைப்பு அந்த ஆச்சியிடமிருந்தே வந்தது. அவர் ஒவ்வொரு நாள் சீட்டையும் ஒரு கம்பியில் குத்தி வைப்பவர். மாதம் முடிந்ததும் கம்பியைக் கழற்றி நூல் கட்டித் தகர டப்பாவில் போட்டுவிடுவார். “தம்பி, மூணு நாளா சீட்டு ஒரு விரக்கடை நீளமா வருது. கீழ என்னமோ எழுதியிருக்கு. எங்கிட்ட ஏதும் தப்பா?” என்றார். தப்பு ஒன்றும் இல்லை ஆச்சி, தட்டு பழசாகிவிட்டது, நான் வந்து மாற்றித் தருகிறேன் என்றேன். அடுத்த எட்டு மாதங்களில் தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், திருப்பத்தூர் என்று கூப்பிட்டவர்கள் பலர். எங்கள் விற்பனைப் பதிவேட்டில் இல்லாத, கைமாறிக் கைமாறிப் போன இயந்திரங்கள்கூட இப்படித்தான் வெளியே வந்தன.

கூப்பிடாதவர்களை என்ன செய்வது என்பதில் என் அப்பச்சி (அப்பா) செய்ததை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு வளவில் ஐயாவின் (தாத்தாவின்) தம்பி பெயரிலுள்ள அறை ஒன்று நாற்பது ஆண்டுகளாகப் பூட்டியே இருக்கிறது. அவர் மக்கள் மலேசியாவில் இருக்கிறார்கள். மூன்றாங்கட்டு ஓட்டைப் பிரித்து மேய்ந்தபோது அந்த அறைக்கு மேலும் ஒழுகியது. பங்காளிகள் அனைவருக்கும் எழுதி, மலேசியாவிலிருந்து பதில் வரும் வரைக்கும் அப்பச்சி அந்த ஓரத்து ஓட்டில் கை வைக்கவில்லை, தார்ப்பாய்தான் போட்டு வைத்தார். அந்த அறையை இன்றுவரை வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. கெர்னலிலும் நீக்கப்பட்ட சிஸ்டம் காலின் (நிரல்கள் கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் அழைப்பின்) எண்ணை வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை. பழைய நிரல் ஒன்று எப்போதாவது வந்து அந்த எண்ணைத் தட்டினால், இங்கே அந்த வசதி இல்லை என்ற நேர்மையான பதில் கிடைக்க வேண்டுமே தவிர, தெரியாத வேறொரு செயல் நடந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு முதலில் நான் காட்டுவது இந்த வெற்று எண்களைத்தான்.

ரெய்சர்எஃப்எஸ் சொன்னபடியே போயிற்று. 2024 நவம்பரில் வந்த 6.12 அதைக் கொண்ட கடைசிப் பதிப்பு. 2025 ஜனவரியில் வந்த 6.13இல் அது இல்லை. 6.12 நீண்டகால ஆதரவுப் பதிப்பாகவும் அமைந்ததால், மாறாமல் மிஞ்சியவர்களுக்கு இன்னும் கொஞ்சக் காலம் கிடைத்தது. எங்கள் திட்டத் தாளில் இன்று மூன்று இயந்திர எண்கள் நீக்கப்படாமல் நிற்கின்றன. இரண்டின் உரிமையாளர்கள் இந்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது, தேவகோட்டையில் பூட்டிக் கிடக்கும் ஒரு துணிக்கடைக்குள் இருக்கிறது. சொந்தக்காரர் பினாங்கில் மகனோடு இருக்கிறார், கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வரும் வரை 6.12 கிளையை மூடுவதில்லை என்று தாளில் எழுதி, “யார்” என்ற தலைப்பின் கீழ் என் பெயரைப் போட்டிருக்கிறேன்.