ஏழாம் ஜோடி

கம்பிப்பாடு தாண்டி அரிச்சல்முனைக்குப் போகிற வழியில் என் பேட்டரி ஸ்கேட்போர்டு நின்றுபோனது. ரிமோட்டில் சார்ஜ் முக்கால்வாசி காட்டுகிறது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை. கிளம்பி மூன்று கிலோமீட்டர் கூட ஆகவில்லை. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரோட்டில் ஏறிக் கிடந்த மணலில் நடந்து, கடைசியில் ஒரு மீன் வண்டியில் தொற்றிக்கொண்டு ராமேஸ்வரம் வந்து சேர்ந்தேன்.

மழைக்காலம் முழுக்க மண்டபத்து வீட்டுப் பரணில் கிடந்த போர்டு அது. முந்தின ராத்திரி சார்ஜ் போட்டபோது வழக்கத்தைவிடச் சீக்கிரமே பச்சை லைட் எரிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்கணும்.

மறுபடி சார்ஜ் ஏற்றி மீட்டர் வைத்தேன். 41 வோல்ட். முழு சார்ஜ் 42 தானே, ஒன்று குறைந்தால் என்ன என்று பேட்டரியை விட்டுவிட்டு மோட்டார், கண்ட்ரோலர் என்று இரண்டு நாளை வீணடித்தேன். மொத்த வோல்ட்டை நம்பியது என் மடத்தனம்.

பேக்கில் 20 செல், இரண்டிரண்டாக 10 ஜோடி. அவற்றிலிருந்து 11 மெல்லிய வயர், செல்களைக் கண்காணித்துத் தேவைப்பட்டால் கரண்டை நிறுத்துகிற பிஎம்எஸ் போர்டுக்குப் போகிறது. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்தடுத்த வயர்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக அளந்தேன். ஒன்பது ஜோடி 4.18. ஏழாவது மட்டும் 3.38. மற்ற ஒன்பதும் நிறைந்ததும் பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடுகிறது. ஓடும்போது ஏழாவது முதலில் படுத்து, எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது.

செல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கனெக்டரைக் கழற்றி டார்ச் அடித்தால், அந்த ஜோடியின் இரண்டு பின்னுக்கு நடுவே பச்சைக் களிம்பு, பாசி மாதிரி. ஓம் வைத்துப் பார்த்தேன், ஒரு கிலோ ஓம் சொச்சம். அந்த வழியாகக் கசிவது நாலு மில்லி ஆம்பியருக்கும் குறைவுதான். ஆனால் ராப்பகலாகக் கசிந்தால் ஒரு மாசத்தில் 5 ஆம்பியர்-ஹவர் கொள்ளளவுள்ள ஜோடியில் பாதி காலி.

போட் இன்ஜின் பார்க்கிற மாமா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "உப்பைத் தின்னது வயரு, தண்ணி குடிக்கிறது நீயாடா மாப்ள?" கிரீஸை அப்பச் சொன்னார். நான் கேட்கவில்லை. பழைய பிரஷ்ஷால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்தேன், களிம்பு போனது, பின் போகவில்லை, அரித்துக் கிடந்தது. புது கனெக்டர்தான். வயரை ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் வெட்டவில்லை. இரண்டு நுனி தொட்டால் பொறி பறக்கும்.

பிறகு பிஎம்எஸ்ஸைப் பிரித்து வைத்து, ஏழாம் ஜோடிக்கு மட்டும் 1 ஆம்பியர் சின்ன சார்ஜர் போர்டு கொடுத்தேன். மொட்டை மாடியில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு, ஆறு மணி நேரம். மணலுக்கா இங்கே பஞ்சம்? இரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் இந்த வேலைக்கே போயிருக்க மாட்டேன், நேராகக் கழித்திருப்பேன்.

4.18 ஏறியது. ஒரு வாரம் சும்மா வைத்து அளந்தேன், 4.17. செல் மேல் பழியில்லை.

மூடிக்குப் புது ரப்பர் பட்டை போட்டு, நேற்று ஒன்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து முதலில் மீட்டரைத்தான் எடுத்தேன். ஏழாவது 3.61, மற்றவை 3.62. மாமா இப்போது போட் லைட் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.