மறியலுக்குப் போன எங்கள் வகுப்புத் தோழன்

எங்களோடு ஓ.எல். பரீட்சை எழுதியவர்களில் ஒருவன் இங்கிலாந்தில் மறியலில், அதாவது சிறையில், இருந்தவன். குடிவெறியில் ஒருவரைப் போத்தலால் குத்தி, அவருடைய ஒரு கண்ணின் பார்வையைப் போக்கியவன். அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை. காயப்பட்டவரும் எங்கள் ஆட்களில் ஒருவர். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலர் அவர் வீட்டுக்கும் போகக்கூடும். எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "எழுது மச்சான், ஆனால் என்னை நல்லவனாக்கி எழுதாதே" என்றான்.

பள்ளிக்கூடத்தில் அவனை எல்லோருக்கும் தெரிந்தது புவியியல் பாடத்தால்தான். புத்தகத்தைப் பார்க்காமல் கரும்பலகையில் இலங்கைப் படத்தை ஒரே இழுப்பில் கீறுவான். கற்பிட்டியும் மன்னார்த் தீவும் அதனதன் இடத்தில் வந்து நிற்கும். ஆங்கிலம்தான் ஏறவே இல்லை. எங்கள் இங்கிலீஷ் மாஸ்டர் அவனைப் பின்வரிசை வாங்கிலிருந்து கூப்பிட்டுத் தன் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்துவார். வரிக்குக் கீழே விரலை வைப்பார். சொல் சரியாக வரும்வரை விரல் நகராது. அடித்ததும் இல்லை, ஏசினதும் இல்லை. மணி அடித்து நாங்கள் எல்லோரும் வெளியே ஓடிய பிறகும் அந்த விரல் அங்கேயே இருக்கும்.

பிறகு சண்டை, இடப்பெயர்வு, லண்டன். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. விடியற்காலை அறைக்கு வந்து ஒரு பியர். ஒன்று நாலாகி, கடைசியில் விஸ்கி. மனைவி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டா. அதற்குப் பிறகு ஒரு பிறந்தநாள் விழாவில் நடந்ததுதான் மேலே சொன்னது.

உள்ளே போனால் குடி நின்றுவிடும் என்று எங்களில் பலர் நினைத்தோம். அப்படி இல்லை. பழம், சீனி, பாண் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுப் புளிக்க வைத்து மறியலுக்குள்ளேயே குடிக்கிறார்கள். முதல் வருடம் அவனும் அதைத்தான் குடித்தான்.

அந்த நாட்களில் கார்டியன் பத்திரிகையில் எர்வின் ஜேம்ஸ் என்ற ஆயுள் கைதி மறியலுக்குள் இருந்துகொண்டே பத்தி எழுதிவந்தார். 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய பத்தி. நான் பேப்பர் கடையில் நின்றபடியால் அதைத் தவறாமல் படிப்பேன். படித்ததைக் கத்தரித்து அவனுக்குத் தபாலில் அனுப்புவேன். இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ஏழு வயதில் தாய் வீதி விபத்தில் செத்துப்போனார். தகப்பன் குடித்துவிட்டு அடிப்பவர். பத்து வயதிலேயே களவுக்காக நீதிமன்றம். வளர்ந்த பிறகு குடி, அடிதடி, தெருவில் படுக்கை. 1982 இல் இன்னொருவனோடு சேர்ந்து லண்டனில் இரண்டு பேரைக் கொன்றார். பிரான்சுக்கு ஓடி அங்கே வெளிநாட்டவர் படையணியில் சேர்ந்தார். 1984 இல் தானாகவே வந்து சரணடைந்தார். அடுத்த வருடம் ஆயுள் தண்டனை. வாண்ட்ஸ்வேர்த் மறியலில் ஒரு நாளைக்கு 23 மணித்தியாலம் பூட்டிய அறை.

அவரைத் திருப்பியது வேக்பீல்ட் மறியலில் இருந்த ஜோன் பிரான்டன் என்ற உளவியலாளர். நீ கொன்றவர்களுக்காகவாவது உன்னால் ஆன அளவு நல்ல மனிதனாக வாழவேண்டும், அது நீ பட்ட கடன் என்று அந்த அம்மா சொன்னாராம். ஜேம்ஸ் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்தே திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்தார். 20 வருடத்துக்குப் பிறகு 2004 இல் வெளியே வந்தார். கைதிகளுக்காக வெளிவரும் 'இன்சைட் டைம்' பத்திரிகைக்குப் பின்னர் ஆசிரியராகவும் இருந்து, 2024 ஜனவரியில் காலமானார். அவரால் செத்தவர்கள் செத்தவர்கள்தான். அவர் எழுத்தை விரும்பிப் படித்த நான் அதையும் மறக்கக்கூடாது.

நான் அனுப்பிய துண்டுகளை அகராதியை வைத்துக்கொண்டு படித்ததாக நண்பன் சொன்னான். உடனே திருந்திவிட்டான் என்று கதை கட்ட மாட்டேன். மறியலுக்குள் நடந்த குடிமறப்போர் கூட்டத்துக்கு முதலில் தேநீருக்காகத்தான் போனானாம். குடியை விட அவர்கள் சொல்லும் பன்னிரண்டு படிகளில் எட்டாவது, தன்னால் கெட்டவர்களின் பெயர்களை எல்லாம் எழுதி வைப்பது. ஒன்பதாவது, அவர்களுக்குப் பரிகாரம் செய்வது. அப்படிச் செய்வதே அவர்களை மேலும் நோகடிக்குமானால் செய்யக்கூடாது. எட்டில் முதல் பெயரை எழுத அவனுக்கு மாதக்கணக்கானது. ஒன்பதில் இன்றைக்கும் நிற்கிறான். அந்த மனிதரைத் தேடிப் போக அவனுக்கு உரிமை இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

இனி நான் சொல்ல ஆசைப்பட்டது. ஷனன் ட்ரஸ்ட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. சசெக்ஸ் விவசாயி கிறிஸ்டோபர் மோர்கன் என்பவர் ஒரு ஆயுள் கைதியோடு பல வருடம் கடிதம் எழுதிப் பழகி, அந்தக் கடிதங்களைப் புத்தகமாக்கி, வந்த காசில் 1997 இல் தொடங்கியது. வாசிக்கத் தெரிந்த கைதி தெரியாத கைதிக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் பெடியன் அதில் சேர்ந்தான். ஆங்கிலத்தில் சாதாரண சித்தி எடுத்தவன், கையெழுத்துக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாத ஒரு வெள்ளைக்காரனுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தான். எப்படியடா கற்றுக்கொடுத்தாய் என்று பார்வையாளர் கூடத்தில் வைத்துக் கேட்டேன். ஒன்றும் பேசாமல் மேசையில் கிடந்த சிற்றுண்டி விலைப்பட்டியலை எடுத்து, ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மாஸ்டர் இறந்து பல வருடம். அவருடைய பிள்ளைகள் இந்த மலரைப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

இப்போது அவன் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறான், குடிப்பதில்லை. மகள் கதைக்கிறாள். சங்கத்தின் இராப்போசனத்துக்கு மட்டும் வரமாட்டான். ஆட்கள் என்ன சொல்வார்கள் என்பது ஒரு காரணம். எல்லா மேசையிலும் நடுவில் விஸ்கிப் போத்தல் நிற்பது மற்றக் காரணம். காயப்பட்டவர் விருந்துக்கு வரும் வருடத்தில் அவன் வரக்கூடாது, அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அவர் வராத வருடத்தில், செயற்குழு ஒரு மேசையையாவது போத்தல் இல்லாமல் வைக்க வேண்டும். நான் அதில் அவனோடு இருப்பேன். எங்கள் வகுப்பில் இன்னும் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கு அந்த மேசை தனக்கே வேண்டுமாம்.