பதினாறும் அறுபத்து நாலும் பிறகு பார்க்கலாம்

திருமூலரின் திருமந்திரம் சொல்லும் பிராணாயாமக் (மூச்சுப் பயிற்சி) கணக்கு 16 மாத்திரை (எண்ணும் கால அளவு) பூரகம், அதாவது மூச்சை இழுப்பது; 64 கும்பகம், அடக்குவது; 32 ரேசகம், வெளிவிடுவது. இந்த எண்களை முதல் நாளே பிடித்துக்கொள்பவர்கள்தான் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். தொடக்கத்துக்கு 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவது போதும். மூச்சை அடக்கவே வேண்டாம்.

சென்னையில் வெயில் ஏறும் முன், விடிகாலையில் உட்காருங்கள். மின்விசிறி முகத்துக்கு நேராக வேண்டாம், மூக்கு வறண்டுவிடும். கொசுவுக்கு ஒரு மெல்லிய வேட்டியைப் போர்த்திக்கொள்ளலாம். சம்மணத்தில் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் முதுகு கூன் போடும். போர்வையை நான்காக மடித்து அடியில் வையுங்கள். நாற்காலியும் குற்றமில்லை.

வலது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்குங்கள். கட்டைவிரலால் வலது நாசியை மூடி இடதில் இழுங்கள். பிறகு மோதிர விரலால் இடதை மூடி வலதில் விடுங்கள். வலதிலேயே இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. 6 சுற்று போதும்.

அடுத்த மூச்சைத் திணறி இழுக்கிறீர்களா? வெளிவிடும் எண்ணிக்கை உங்களுக்கு அதிகம், 5 ஆக்குங்கள். தோள் தூக்கினால் மூச்சு மார்போடு நிற்கிறது என்று பொருள். பலர் கடைசிச் சுற்றுகளில் எண்ணிக்கையை ஓட்டுவார்கள் (அலுவலக ஞாபகம்!); அது தெரிந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பின்னாளிலும் கும்பகத்தைத் தாமாக முயல வேண்டாம். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சளி பிடித்த நாளில் விரலால் மூக்கை மூடுவதை விட்டுவிட்டு, மூச்சை வெறுமனே கவனித்தாலே போதும்.