கிளீவ்லாந்துக்குப் போல்கா ஆடப் போகிறீர்களா?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்துக்குப் போகிறவர்கள் ராக் அண்ட் ரோல் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கிழக்கே, ஈரி ஏரியை ஒட்டிய யூக்ளிட் நகரில், ஜோடியாகச் சுழன்று ஆடும் நடன இசையான போல்காவுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லா நாளும் திறந்திருக்காது, நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

போல்கா 1830களில், இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹிமியாவில் தோன்றியது. கிளீவ்லாந்துப் பாணி என்பது ஸ்லோவேனியர்கள் வளர்த்த வேறு கிளை. ஆலை வேலைக்கு வந்த ஸ்லோவேனியர்கள் செயின்ட் கிளேர் அவென்யூ, காலின்வுட் பகுதிகளில் குடியேறி, ஊர்ப் பணம் திரட்டி மண்டபங்கள் கட்டினார்கள். செயின்ட் கிளேரில் உள்ள ஸ்லோவேனிய நேஷனல் ஹோம் 1924இல் திறந்தது. காலின்வுட்டில் வளர்ந்த அக்கார்டியன் கலைஞர் ஃபிராங்கி யாங்கோவிக் 1948இல் 'ஜஸ்ட் பிகாஸ்' பாடலால் நாடு முழுக்கத் தெரிந்தவரானார். போல்காவுக்கான முதல் கிராமி விருது 1986இல் அவருக்குத்தான் கிடைத்தது. 2009இல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். மண்டபத்தில் ஆடுகிறவர்களுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை.

அந்த உற்சாகம் எங்கிருந்து வருகிறது? முதலில் அக்கார்டியன். ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே இரண்டு உலோக நாக்குகள் சேர்ந்து ஒலிக்கும். ஒன்றை 440 ஹெர்ட்ஸில் வைத்தால், மற்றதை வேண்டுமென்றே 442, 443 என்று சற்று ஏற்றி வைப்பார்கள். நொடிக்கு இரண்டு மூன்று முறை ஒலி அலைபாய்வதால் நாதம் மினுங்கும். பழைய தமிழ்த் திரைப்பாடல்களில் அக்கார்டியன் கேட்டவர்களுக்கு இந்த மினுக்கு பழக்கமானதே. வித்தியாசத்தை அதிகமாக்கினால் சுருதி விலகியதாகவே படும்.

அடுத்தது தாளம், 2/4. தட்டு விழும் இடத்தில் பாஸ், இரண்டு தட்டுக்கு நடுவே பேஞ்சோ என்ற தந்திக் கருவி. ஆடுகிறவர் உடலை மேலே எழுப்புவது அந்த நடு இடத்தில்தான். அதனால் போல்காவை உட்கார்ந்து போனில் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

அடிகள் சுலபம். ஆண் இடது காலிலும் பெண் வலது காலிலும் தொடங்க வேண்டும். ஓர் அடி, மற்ற காலைச் சேர்த்து இன்னோர் அடி, மறுபடி ஓர் அடி, பிறகு சின்ன எம்பல். அடுத்த சுற்று எதிர்க்காலில் தொடங்கும். ஜோடி வலப்பக்கமாகச் சுழலும், இந்த அடிகளை இரண்டு முறை போட்டால் ஒரு முழு வட்டம். கூட்டம் முழுக்க மண்டபத்தை இடஞ்சுழியாகச் சுற்றிவரும். மெதுவாக ஆடுகிறவர்கள் நடுப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஓரப் பாதையில் நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர் மோதுவார், தப்பு உங்களுடையது.

புதியவர்கள் பெரும்பாலும் அடியை அகலமாக வைத்துத்தான் தடுமாறுகிறார்கள். பாதத்தின் நீளத்துக்கு மேல் போகாமல் இருந்தால் வேகம் தானாக வரும். காலைப் பார்த்தால் தலை சுற்றும், ஜோடியின் தோளைப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் ஷூவின் ரப்பர் மரத்தரையைக் கவ்விக்கொள்ளும். பாதம் நிற்க உடம்பு திரும்புவதால் முழங்கால்தான் மாட்டும். தோல் அடிப்பாகமுள்ள ஷூ நல்லது. மூச்சு வாங்கினால் கவலை வேண்டாம், இடையிடையே மெதுவாக ஆடும் வால்ட்ஸ் வாசிப்பார்கள்.

நவம்பர் நான்காம் வியாழனை ஒட்டிய தேங்க்ஸ்கிவிங் வார இறுதிதான் இங்கே பெரிய போல்கா கொண்டாட்டம். விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு ரெட் லைன் ரயில் போகும். கிழக்குப் பக்கத்தில் ஏரிப் பனி திடீரென்று கொட்டும், இரவில் திரும்ப வண்டி முன்கூட்டியே பேசி வையுங்கள். உள்ளே சட்டை நனைய வேர்க்கும் என்பதால் தடித்த ஸ்வெட்டரைவிட, கழற்றி மாட்டக்கூடிய கோட்டும் உள்ளே மெல்லிய சட்டையும் போதும்.

சாப்பாட்டில் க்ளோபாசே என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சி கிடைக்கும். சைவக்காரர்கள் உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பியரோகி என்ற கொழுக்கட்டை கேட்கலாம், ஆனால் சிலர் பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள், வெண்ணெயிலா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். வால்நட் பூரணம் வைத்துச் சுருட்டிய இனிப்பு ரொட்டியான பொட்டிட்சாவைச் சீக்கிரம் போய் வாங்கிவிடுங்கள்.