உப்புவெளியிலிருந்து ரொறன்ரோவுக்கு எத்தனை மணித்தியாலம்?

2024 ஜூன் 4, செவ்வாய்

கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கப்போகிறது. அம்மாவின் டிக்கெட் இன்று வந்தது. 15ஆம் திகதி இரவு 7 மணிக்குக் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறினால், டுபாயில் மாறி, மறுநாள் காலை 9.30க்கு ரொறன்ரோ. அம்மா விரல் மடக்கி எண்ணினார். "பதினாலரை மணித்தியாலம்தானே, இரவு ரெயின்ல கொழும்புக்குப் போற மாதிரித்தான்."

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் ரொறன்ரோ நமக்கு 9½ மணித்தியாலம் பின்னால் (குளிர்காலத்தில் 10½). அதையும் கூட்டினால் சரியாக 24. டுபாய் வரை நாலரை, அங்கே காத்திருக்க ஐந்தரை, அப்புறம் ஒரே இருப்பில் 14. அந்தப் பதினாலுதான் எனக்குக் கவலை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். சக்கர நாற்காலிக்கு இன்றே சொல்லி வைத்தேன்.

ஜூன் 6, வியாழன்

மகளின் உலக உருண்டையை மேசையில் வைத்தோம். இலங்கையில் தையல் நூலின் ஒரு முனையை அம்மா பெருவிரலால் அழுத்திக்கொள்ள, மறுமுனையை ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ ஏரிக்கரைக்கு இழுத்தேன். லண்டன் பக்கமாகப் போகும் என்றிருந்தேன். இல்லை. இழுக்க இழுக்க நூல் வடக்கே வழுக்கி, ரஷ்யாவைத் தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே ஏறி, கிரீன்லாந்து வழியாக இறங்கியது. "பனிக்குள்ளாலயோ போறது?" என்று அம்மா விரலை எடுக்காமலே கேட்டார்.

இறுக்கிய நூல் காட்டும் அந்த ஆகக் குறுகிய வழி ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். பூமியின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். டுபாய் பெரிய சுற்று என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கணக்குப் பார்த்தால் டுபாய்க்கு 3,290, அங்கிருந்து 11,080. நேர்வழியைவிட 400 கூடக் கூடவில்லை!

ஜூன் 12, புதன்

பெட்டி நிறுத்தோம். பிள்ளைப்பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூளே இரண்டு கிலோ.

ஜூன் 15, சனி

காலை 9 மணிக்கு, திருகோணமலைப் பக்கத்து எங்கள் உப்புவெளியில் வேன் வண்டியில் ஏறினோம். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று, தம்புள்ளையில் சாப்பாட்டோடு, ஆறு மணித்தியாலம். எங்களூருக்குப் பக்கத்துச் சீனக்குடா விமான ஓடுபாதையிலிருந்து கட்டுநாயக்கா நேர்கோட்டில் 200 கிலோமீற்றர் சொச்சம்தான். சிறிய விமானமென்றால் ஒரு மணித்தியாலம் போதும். முழங்காலைத் தடவியபடி அம்மா இருந்ததைப் பார்க்க, எங்களூர் முதியவர்களுக்கு அங்கிருந்தே கட்டுப்படியான விலையில் ஒரு சேவை நாள்தோறும் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

ஜூன் 16, ஞாயிறு

பிற்பகல் முழுக்கக் கைபேசியில், விமானம் போகும் இடத்தைக் காட்டும் வரைபடத்தில், அந்தச் சின்ன மஞ்சள் விமானத்தையே பார்த்திருந்தேன். வட அத்திலாந்திக்கின் மேல் எதிர்க்காற்று. மேற்கே போகும்போது அப்படித்தான். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு மணித்தியாலமாவது மிச்சம்.

இரவு 9.30க்குத் தங்கச்சி வீட்டிலிருந்து அழைப்பு. எங்கள் வாசலிலிருந்து அவள் வாசலுக்கு 36½ மணித்தியாலம். கால் வீக்கமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா, "இஞ்ச இப்பத்தான் மத்தியானச் சாப்பாடு. நீ இன்னும் படுக்கேல்லையே?"