ஸ்டிக்கரில் 20, டேங்கில் 17: பிக்கப் மைலேஜ் நாட்குறிப்பு

2025 ஜனவரி 11, சனி

ஒரே எஞ்சின், ஒரே வருடத்து வண்டி. ஒருவர் கேலனுக்கு 21 மைல் என்கிறார், இன்னொருவர் 16-ஐத் தாண்டவே இல்லை என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். டயர் வேறு, பின் ஆக்ஸில் வேறு, ஓட்டும் வேகம் வேறு, அளந்த விதமும் வேறு. ஃபோர்டின் எஃப்-150, ஜி.எம். நிறுவனத்தின் சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டாவின் டன்ட்ரா, இந்த நான்கு அமெரிக்க முழு அளவு பிக்கப்களையும் பற்றித்தான் இங்கே எழுதப் போவது. ஜி.எம்.சி. சியாராவைத் தனியாக எழுதவில்லை, அதே ஜி.எம்.-இன் இரட்டை வண்டி அது, சில்வராடோ கணக்கிலேயே வந்துவிடும்.

முதலில் அளக்கும் முறை. பம்பின் முதல் க்ளிக்கோடு நிறுத்த வேண்டும். "ரவுண்டாக முடிப்போம்" என்று மேலே இரண்டு அழுத்து அழுத்தினால் கணக்கு கெட்டது. அடுத்த முறையும் அதே பங்க், அதே பம்ப், வண்டியின் முகம் அதே பக்கம். தரை லேசாகச் சாய்ந்திருந்தாலே டேங்கின் மேல்மூலையில் காற்று தங்கி, க்ளிக் முன்கூட்டியே விழும். டீசல் வண்டிக்கு இன்னொரு தொல்லை நுரை. வேகமாக ஊற்றினால் நுரை மேலே வந்து முனையை அடைக்கும், டேங்க் நிறையாமலே பம்ப் நின்றுவிடும். விசையைப் பாதி அழுத்தி மெதுவாக ஊற்ற வேண்டும்.

402 மைல் ஓடி 22.6 கேலன் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். 17.8 வருகிறது. நிரப்பியதில் அரை கேலன் முன்னே பின்னே இருந்தால் அதே டேங்க் 17.4 என்றும் காட்டும், 18.2 என்றும் காட்டும். ஒரு டேங்கை வைத்துக்கொண்டு "என் வண்டி உன் வண்டியைவிட அரை மைல் கூடக் கொடுக்கிறது" என்று வாதாடுவது வீண். மூன்று டேங்க் மைலையும் கூட்டி, மூன்று டேங்க் கேலனையும் கூட்டி வகுத்தால் அதே அரை கேலன் பிழை ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

மூன்று விடைகளைச் சராசரி எடுக்கக் கூடாது. 300 மைல் 20-இலும் 300 மைல் 15-இலும் ஓடினால் பிடித்தது 15 + 20 = 35 கேலன். 600-ஐ 35-ஆல் வகுத்தால் 17.1. பலர் 17.5 என்று எழுதிவிடுகிறார்கள்.

டேஷ்போர்டு எண் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துக் கணினி போடும் மதிப்பீடு. பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். ஆனால் ஒரு வண்டியில் அந்தத் தாராளம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். பம்ப் கணக்கோடு ஒருமுறை ஒப்பிட்டு விகிதத்தைக் குறித்துக்கொண்டால் பிறகு அந்த எண்ணையும் நம்பலாம்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

குளிர்கால எண்ணை வைத்து வண்டியைத் திட்ட வேண்டாம். 77 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கிடைப்பதைவிட 20 டிகிரியில் (செல்சியஸில் மைனஸ் 7) நகர ஓட்டத்தில் சுமார் 15 சதவீதம் குறையும். மூன்று நான்கு மைல் போய் நிறுத்தும் ஓட்டமானால் 24 சதவீதம்வரை போகும். ஹைபிரிட்டுக்கு அடி இன்னும் பலம்: 30 முதல் 34 சதவீதம். கேபினைச் சூடாக்க எஞ்சின் ஓடியே ஆக வேண்டும், அணைந்து ஓய்வெடுக்க வழியில்லை.

காரணம் ஒன்றல்ல. கியர் எண்ணெயும் ஆக்ஸில் எண்ணெயும் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். காற்று அடர்த்தி ஏறும். பத்து டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் டயர் அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. இறங்கும். சில்வராடோவில் பனிக்காக "ஆட்டோ" 4x4-இல் (நான்கு சக்கர இயக்கம்) போட்டுவிட்டு மார்ச்வரை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த நிலையில் முன் ஆக்ஸில் இணைந்தே சுற்றும். ரோடு காய்ந்ததும் 2-ஹைக்கு, அதாவது பின் சக்கர இயக்கத்துக்கு, திருப்புங்கள்.

ரிமோட் ஸ்டார்ட்டுக்கு ஒரு கணக்கு. பெரிய வி8 சும்மா நின்று ஓட மணிக்கு அரை கேலன் என்று கொண்டால், தினம் 15 நிமிடம் மாதத்தில் 3.75 கேலன். மாதம் 1,000 மைல் ஓடி 17 கொடுக்கும் வண்டி, இதைச் சேர்த்தால் 16-க்கு வந்துவிடும். சாலையில் ஒரு குறையும் இல்லை, போனது முழுக்க வாசலில்.

2025 பிப்ரவரி 8, சனி

ஸ்டிக்கர், அதாவது புது வண்டியில் ஒட்டி வரும் மைலேஜ் தாள். அமெரிக்காவின் இ.பி.ஏ. எனப்படும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நெடுஞ்சாலைச் சோதனையில் சராசரி வேகம் 48 மைல், உச்சம் 60. டெக்சாஸில் 75 மைல் பலகைக்குக் கீழே 80-இல் போகிறவர் இந்த எண்ணைத் தேடுவது எப்படி? 2008 மாடலிலிருந்து வேகமான ஓட்டம், ஏசி ஓட்டம், குளிர் ஓட்டம் மூன்றையும் சேர்த்து ஐந்து சோதனைகளாகக் கணக்கிடுகிறார்கள். அதனால் பழைய ஸ்டிக்கர்களைவிட இப்போதையவை நம்பத்தக்கவை. கூட்டு எண் 55 சதவீதம் நகரம், 45 சதவீதம் நெடுஞ்சாலை. உங்கள் ஓட்டம் முக்கால்வாசி நகரம் என்றால் கூட்டு எண்ணைப் பார்க்காமல் நகர எண்ணைப் பாருங்கள்.

சில எண்கள், நகரம் / நெடுஞ்சாலை / கூட்டு என்ற வரிசையில். 2021 எஃப்-150, 2.7 லிட்டர் இகோபூஸ்ட் (ஃபோர்டின் டர்போ எஞ்சின்), 4x4: 19/24/21. அதே வருடத்து 3.5 இகோபூஸ்ட், 4x4: 18/23/20. ராம் 1500-இல் இடார்க் (சிறு மின்மோட்டார் உதவி) இல்லாத 5.7 ஹெமி வி8, 4x4: 15/21/17. டன்ட்ராவின் பழைய 5.7 வி8, 4x4: 13/17/14. 2022-இல் அதன் இடத்துக்கு வந்த 3.4 இரட்டை டர்போ, 4x4: 17/22/19. தமிழ்நாட்டுக் கணக்கில் கேலனுக்கு 20 மைல் என்பது லிட்டருக்கு 8.5 கிலோமீட்டர். யானைக்குத் தீனிதான்.

ஸ்டிக்கரே இல்லாத வண்டிகளும் உண்டு. எஃப்-250, சில்வராடோ 2500, ராம் 2500 போன்றவற்றில் மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டைத் தாண்டுவதால் மைலேஜ் எண் ஒட்ட வேண்டியதில்லை. அங்கே விற்பனையாளர் சொல்வதுதான் எண், அவர் எந்தச் சோதனையிலும் அளந்ததில்லை.

2025 பிப்ரவரி 22, சனி

பின் ஆக்ஸில் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இயக்கத்தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை. ராமில் 3.21, 3.55, 3.92 என்று வரும். 3.21-இல் எஞ்சின் 1,600 சுற்றுச் சுற்றும் வேகத்தில் 3.92-இல் சுமார் 1,950 சுற்றும். 22 சதவீதம் கூடுதல். டிரெய்லர் இழுப்பவருக்கு அது வரம். காலி வண்டியில் அலுவலகம் போய் வருகிறவருக்கு ஒவ்வொரு மைலிலும் தண்டம். ஒரே எஞ்சினுக்கு ஸ்டிக்கர் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

ஃபோர்டில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளின் கடைசி வரியில் "ஆக்ஸில்" என்ற கட்டம் இருக்கும். 19 என்றால் 3.55. எல்9 என்றால் அதே 3.55, லாக்கரோடு (இரு பின் சக்கரங்களையும் பூட்டிச் சேர்த்துச் சுற்றவைப்பது). எல்6 என்றால் லாக்கரோடு 3.73. ஜி.எம். வண்டியில் ஜி.யு.5 என்ற குறி 3.23, ஜி.யு.6 என்றால் 3.42. ராமுக்கு வி.ஐ.என். எனப்படும் வண்டி அடையாள எண்ணை டீலரிடம் கொடுத்தால் உற்பத்திப் பட்டியல் எடுத்துத் தருவார்கள்.

2025 மார்ச் 15, சனி

டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்ற புகாரில் பாதி உண்மை, பாதி ஓடோமீட்டரின் பொய்.

275/65ஆர்18 டயரின் விட்டம் சுமார் 815 மில்லிமீட்டர். பார்வைக்காக 275/70ஆர்18 போட்டால் 842. வித்தியாசம் 3.4 சதவீதம். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், வண்டிக்கு அது தெரியாது. 400 மைல் என்று காட்டும்போது உண்மையில் போனது 413.5. 23 கேலன் பிடித்திருந்தால் கையில் வரும் விடை 17.4, உண்மை 18.0.

சரிபார்க்கச் செலவில்லாத வழி நெடுஞ்சாலை மைல் கம்பங்கள். ஒரு கம்பம் கண்ணாடியைத் தாண்டும் நொடியில் ட்ரிப்பைப் பூஜ்யமாக்கி, இருபதாவது கம்பத்தில் பாருங்கள். 19.3 என்று காட்டினால் மைல்களை 1.036-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஃபோர்டில் ஃபோர்ஸ்கேன் மென்பொருளால் டயர் சுற்றளவையே திருத்திவிடலாம். கியர் மாறும் நேரமும் அதோடு சீராகும்.

திருத்திய பிறகும் மிஞ்சும் நட்டம் உண்மையான நட்டம். பாரம் தாங்கும் எல்.டி. வகை, லோடு ரேஞ்ச் ஈ டயர் ஒவ்வொன்றும் சாதாரண பயணிகள் கார் டயரான பி வகையைவிடப் பத்துப் பதினைந்து பவுண்டு கூடுதல் எடை. சுவர் தடிமன், பட்டன்கள் ஆழம், உருளும்போது நெளிய அதிக சக்தி வேண்டும். நிறுவனங்களே இதை எண்ணில் ஒப்புக்கொள்கின்றன: 2022 டன்ட்ரா ஹைபிரிட் 4x4 கூட்டு 20, அதே வண்டி காட்டுப்பாதைக்கான டி.ஆர்.டி. ப்ரோவாக வந்தால் 19. எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த ட்ரிம் (ஒரே மாடலுக்குள் எந்த வகை) என்பது பல சமயம் பெரிய கேள்வி.

2025 மார்ச் 16, ஞாயிறு

பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் மிச்சம் என்ற நம்பிக்கை சாகவே மாட்டேன் என்கிறது. மூடியிருக்கும்போது தொட்டிக்குள் சுழலும் காற்று ஒரு மெத்தை மாதிரி நின்று, மேலே வரும் காற்றை வழுக்கி அனுப்புகிறது. இறக்கினால் மெத்தை கலையும்.

2025 ஏப்ரல் 12, சனி

மைல்/கேலன் என்ற அளவே ஏமாற்றுக்காரன். வருடம் 15,000 மைல் ஓடுகிறவர் 14-இலிருந்து 18-க்கு மாறினால் 238 கேலன் மிச்சம். 22-இலிருந்து 26-க்கு மாறினால் 105 கேலன்தான். இரண்டும் நான்கு மைல் உயர்வு. ஒப்பிடும்போது 100 மைலுக்கு எத்தனை கேலன் என்று எழுதிப் பாருங்கள். 14 என்பது 7.1, 18 என்பது 5.6, 22 என்பது 4.5, 26 என்பது 3.8. பழைய 5.7 டன்ட்ராவை விட்டவர்தான் இந்தப் பட்டியலில் பெரிய லாபக்காரர். ஏற்கெனவே 2.7 இகோபூஸ்ட் வைத்திருப்பவர் டீசலுக்குத் தாவினால் கிடைப்பது சில்லறை.

2025 மே 3, சனி

அந்தச் சில்லறையையும் எண்ணிப் பார்ப்போம். 2020 சில்வராடோ 3.0 டுராமேக்ஸ் டீசல், இரு சக்கர இயக்கம்: 23/33/27. 2021 எஃப்-150 2.7, இரு சக்கர இயக்கம்: கூட்டு 22. 27-ஐ 22-ஆல் வகுத்தால் 1.23. டீசல் விலை பெட்ரோலைவிட 23 சதவீதத்துக்கு மேல் போனால் எரிபொருள் லாபம் அங்கேயே தீர்ந்தது. பங்கில் இரண்டு விலைப் பலகையையும் பார்த்து வகுத்தால் போதும், வேறு ஆய்வு தேவையில்லை.

டீசல் நீள ஓட்டத்துக்குப் பிறந்தது. பள்ளிக்கூடம், மளிகைக்கடை என்று ஐந்து மைல் ஓட்டமே ஓட்டினால் புகைவடிகட்டி சூடேறாமல் கரி அடையும். அதை எரித்துச் சுத்தம் செய்ய எஞ்சின் கூடுதல் டீசலைச் செலவழிக்கும், பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. அந்த டேங்கில் மைலேஜ் சட்டென்று விழும், வண்டியில் கோளாறு இல்லை. இன்னொன்றையும் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் தலைமுறை 3.0 டுராமேக்ஸில் (எல்.எம்.2) ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட் எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது, 150,000 மைலில் மாற்ற வேண்டும், மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். 140,000 மைல் ஓடிய வண்டி மலிவாகத் தெரிந்தால் ஏன் என்று இப்போது புரியும்.

ராம் இகோடீசல் 2023 ஜனவரியோடு உற்பத்தி முடிந்தது, எஃப்-150 டீசல் அதற்கும் முன்பே போனது.

2025 ஜூன் 1, ஞாயிறு

ஹைபிரிட். எஃப்-150 பவர்பூஸ்ட் 4x4-இன் 2021 எண்கள் 24/24/24. சாதாரண 3.5-ஓடு பக்கத்தில் வைத்தால் கதை தெரியும்: நகரத்தில் 100 மைலுக்கு 5.6 கேலன் 4.2 ஆகிறது, நெடுஞ்சாலையில் 4.35 என்பது 4.2 ஆவதோடு சரி. 1.5 கிலோவாட்-மணி பேட்டரி பிரேக் பிடிக்கும்போது நிரம்பி, சிக்னலில் கிளம்பும்போது கரைவது. 70-இல் பிரேக்கே தொடாமல் போகும் சாலையில் அது வெறும் சுமை. டன்ட்ராவின் ஹைபிரிட் 437 குதிரைத் திறனுக்காகச் செய்தது. அதை மைலேஜுக்காக வாங்கினால் ஏமாற்றம்தான்.

டர்போ எஞ்சின்களைப் பற்றி ஒரு வரி: மென்மையாக மிதித்தால் சிறிய எஞ்சின், அழுத்தி மிதித்தால் பெரிய எஞ்சினுக்கான பெட்ரோலையே குடிக்கும். 2.7 வைத்திருக்கும் இருவர் வேறு வேறு எண் சொல்வதற்குக் கால்தான் பாதிக் காரணம். டர்போ இல்லாத வி8-இல் அந்த இடைவெளி குறைவு.

2025 ஜூலை 5, சனி

விடுமுறை வாரம், ஹைவே முழுக்க கேம்பர்கள் (தங்கும் வசதியுள்ள டிரெய்லர்கள்). டிரெய்லர் இழுக்கும்போது எடையைவிட முகப்பு முக்கியம். எட்டடி அகலச் செங்குத்துச் சுவரைப் பின்னால் கட்டினால் பெட்ரோல் பிக்கப் எதுவானாலும் பத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இறங்குவது சகஜம். தாழ்வான படகை இழுத்தால் அதே எடைக்கு இரண்டு மூன்று மைல் கூடக் கிடைக்கலாம். சமவெளியில் எடை அதிகம் கேட்காது, மலையேற்றத்தில் கேட்கும்.

வேகம்தான் கையில் இருக்கும் ஒரே குழாய். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 65-இலிருந்து 75-க்குப் போனால் 33 சதவீதம் கூடும். பத்து மைல் எதிர்காற்றும் 65-இல் போகிறவருக்கு அதே 33 சதவீதம்தான். திரும்பி வரும்போது பின்காற்று ஈடுகட்டிவிடும் என்பார்கள், முழுதாகக் கட்டாது, போக வரச் சேர்த்துப் பார்த்தால் தடை இரண்டு சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். 36 கேலன் டேங்க் உள்ள எஃப்-150-க்கு இது பணக் கேள்வி மட்டும். 24 கேலன் சில்வராடோ பத்தில் ஓடினால், அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, 200 மைலுக்கு ஒருமுறை டிரெய்லரோடு நுழைய இடமுள்ள பங்க் தேட வேண்டும்.

இ85 (85 சதவீதம்வரை எத்தனால்) ஊற்றக்கூடிய மஞ்சள் மூடிக்காரர்களுக்கு: மைலேஜ் 15 முதல் 27 சதவீதம் குறையும். விலை கால்வாசி குறைவாக இருந்தால் யோசிக்கலாம். இழுக்கும் நாளில் வேண்டாம், டேங்க் இன்னும் சீக்கிரம் காலியாகும்.

2025 ஜூலை 20, ஞாயிறு

பழைய சில்வராடோ, சியாரா தேடுகிறவர்களுக்கு. 2021-இல் சிப் தட்டுப்பாட்டின்போது 5.3 வி8 வண்டிகள் சிலவற்றை, சிலிண்டர்களை அணைத்து மிச்சம் பிடிக்கும் மாட்யூல் இல்லாமலே கட்டி அனுப்பினார்கள். கேலனுக்கு சுமார் 1 மைல் குறையும் என்று ஜி.எம். அப்போதே சொன்னது. வெளியே பார்த்தால் அடையாளம் தெரியாது. வி.ஐ.என். கொடுத்து உற்பத்திப் பட்டியலைக் கேளுங்கள்.

அந்த மாட்யூல் இல்லாததை விரும்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சிலிண்டர் அணைக்கும் லிஃப்டர்கள் பழுதாகும் தொல்லை மிச்சம் என்பது அவர்கள் கணக்கு, அதிலும் நியாயம் உண்டு. மைலேஜ் பக்கம் மட்டும் பார்த்தால் 17 என்பது 16 ஆகிறது. 15,000 மைலுக்கு 55 கேலன் கூடுதல். எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்களோ அத்தனையால் பெருக்கி, உங்கள் ஊர் பெட்ரோல் விலையாலும் பெருக்கி, அந்தத் தொகையை எழுதிய சீட்டோடு பேரத்துக்கு உட்காருங்கள்.